செகண்ட் ஹேண்ட் ஃபைபர் படகு, 28 அடி: எதைப் பார்த்து வாங்குவது?

செருதூர்_கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு படகு எடுக்கப் பார்க்கிறோம். புதுசுக்குப் பணம் காணாது. அக்கரைப்பேட்டையில் ஒன்று விலைக்கு நிற்கிறது. 28 அடி, அகலம் ஆறடிக்குக் கொஞ்சம் மேல், 2009-ல் இறக்கியது என்கிறார்கள். 10 குதிரைத்திறன் லாங்டெயில் டீசல் இன்ஜின் (நீளத் தண்டின் முனையில் புரொப்பெல்லர் உள்ளது), ஒற்றை சிலிண்டர், காற்றில் ஆறுகிற வகை. கூடவே படகின் பின்னால் மாட்டுகிற 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் அவுட்போர்டு இன்ஜின் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது, அதை ஓட்டிக் காட்டவில்லை. வலை நீங்கலாக 1,70,000 ரூபாய் சொல்கிறார்கள். போன மாசம்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பளபளவென்று நிற்கிறது.

எங்களுடையது மணலில் இழுத்துப் போட்டுத் தொழில் செய்யும் கரை. முகத்துவாரம் தூர்ந்திருக்கும் மாசங்களில் வெள்ளையாற்றுக்குள் கொண்டுபோய்க் கட்ட முடியாது. அதனால் அடி கெட்டியாக இருக்கணும்.

ஃபைபர் நல்லதா சொத்தையா என்று மெஷின் எதுவும் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினில் எதைப் பார்க்கணும்? டீசல் செலவைக் குறைக்க, திரும்பும் வழியில் பாய் விரிக்கலாம் என்று பெரியண்ணன் சொல்கிறார், இந்தப் படகுக்குப் பாய் ஏறுமா? பேப்பர் விஷயத்தில் எங்கே மாட்டிக்கொள்வோம்? ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம், அதற்குள் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மேட்_ரோவிங் (நாகப்பட்டினம்):

தம்பி, பெயின்ட் அடித்த படகைப் பார்க்க வெயிலில் போகாதீர்கள். விடியற்காலையில் ஒரு டார்ச்சோடு போங்கள். டார்ச்சைப் படகின் பக்கத்தில் ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சம் நீளவாக்கில் சாய்ந்து ஓடும்படி அடியுங்கள். ஒட்டுப் போட்ட இடம் லேசாக மேடு தட்டி நிழல் விழும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டு, உள்பக்கம் அதே இடத்தைப் பாருங்கள். வெளியே ஒட்டு இருந்து உள்ளே ஒன்றுமில்லை என்றால் மேலோட்டமான கீறலை மூடியிருக்கிறார்கள். உள்ளேயும் புது ரெசின் (ஃபைபர் இழையை ஒட்டுகிற பசை) மினுங்கினால் அங்கே படகு ஓட்டையாகியிருக்கிறது. ஓட்டையாகி அடைத்த படகு ஆகாது என்று சொல்லவில்லை. ஒழுங்காக அடைத்த இடம் தாங்கும். எப்படி அடைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

நீங்கள் மணலில் இழுக்கிறவர்கள், அதனால் முதலில் ஏராவை, அதாவது அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடுகிற முதுகெலும்பைப் பாருங்கள். படகை ஒரு பக்கமாகச் சாய்த்து மணலைப் பறித்துவிட்டு, அணியத்திலிருந்து (படகின் முன்முனை) நாலடி, ஐந்தடி பின்னால், கரையில் ஏறும்போது முதலில் தரை தொடும் இடத்தில் உள்ளங்கையால் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் மேல்பூச்சான ஜெல்கோட் மிச்சமிருக்கிறது. சொரசொரவென்று, அரிசிச் சாக்கைத் தடவுகிற மாதிரி இருந்தால் ஜெல்கோட் போய், அடுத்துள்ள மேட், அதாவது நெய்யாத கண்ணாடி இழைத் தாள் தெரிகிறது. சாக்பின்னல் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மேட்டும் தேய்ந்து ரோவிங், அதாவது நெய்த கண்ணாடி இழைத் துணி வரை போய்விட்டது. இழை வெள்ளையாகப் பிரிந்து கையில் குத்துகிற நிலையில், ஒவ்வொரு நாளும் அந்த இழை வழியாகவே உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அதன்மேல் பெயின்ட் மட்டும் அடித்திருந்தால் நாலு தடவை கரை இழுப்பதற்குள் உரிந்துவிடும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பத்து ரூபாய் நாணயம் போதும். ஒரு சாண் இடைவெளியில் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் தொப்பென்று அமுங்கிக் கேட்கும். இதில் ஒரு விஷயம்: உள்ளே ஃபோம் நிரப்பிய இடத்திலும் வங்கு (உள்பக்கம் படகைத் தாங்குகிற விலா எலும்பு மாதிரியான சட்டம்) ஓடுகிற இடத்திலும் சத்தம் இயல்பாகவே மாறும். அதனால் இடப்பக்கம் தட்டிய இடத்தையே வலப்பக்கமும் தட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்டால் கட்டுமானம் அப்படி. ஒரு பக்கம் மட்டும் மாறினால் பழுது.

விரிசலிலும் இரண்டு வகை உண்டு. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி கிளம்பினால் அடிபட்டது. நங்கூரம் விழுந்திருக்கும், பக்கத்துப் படகு மோதியிருக்கும். பெரும்பாலும் ஜெல்கோட்டோடு நிற்கும். வங்கை ஒட்டி நேர்கோடாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று ஓடினால் அது வேறு கதை. அலையில் அடி உள்ளே போய் வெளியே வந்து வேலை செய்கிறது, வங்கோடு ஒட்டிய இடம் விடுகிறது என்று அர்த்தம். இரண்டு வங்குக்கு நடுவே முழங்காலை வைத்து அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு உள்ளே போகக் கூடாது.

தடிமனை அளக்கத் துளை போட வேண்டாம். தண்ணீர் வடிக்கிற துளையின் அடைப்பைக் கழற்றினால் வெட்டுமுகம் தெரியும், ஒரு கம்பியை வளைத்து உள்ளே கொக்கி மாட்டி அளந்துவிடலாம். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ., 610 கிராம் ரோவிங் ஒரு அடுக்கு 0.8 மி.மீ. வரும். கரை இழுக்கிற 28 அடிப் படகுக்கு அடியில் 8 மி.மீ. இல்லை என்றால் நான் வேண்டாம் என்பேன். ஏராவில் அதைவிட நாலைந்து மி.மீ. கூடுதல் இருக்கணும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்காக அவசரம் அவசரமாகக் கட்டிய படகுகளில் அடி மெலிந்தவை உண்டு. 2009 என்று வாயால் சொன்னதைப் பதிவுச் சான்றில் பார்த்து உறுதி செய்யுங்கள். 2018 நவம்பர் கஜா புயலில் படகு எங்கே கிடந்தது என்றும் கேளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி வீசப்பட்ட படகுகளில் பக்கவாட்டு விளிம்பு நசுங்கி வங்கு விட்டிருக்கும், வெளியே தெரியாது.

ஃபோமை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பார்க்கணும். பலகைக்கு அடியிலும் அணியத்துப் பெட்டியிலும் அடைத்திருக்கிற ஃபோம், படகு கவிழ்ந்தால் மிதப்பதற்காக வைத்தது. பெட்டியில் விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கினால் வருஷக்கணக்கில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயிலில் காயாது. ஒரு கன மீட்டர் ஃபோம் பாதி நனைந்தாலே 500 கிலோ எடை கூடும். அந்த எடையை ஒவ்வொரு நாளும் நீங்கள் கரையில் இழுக்கணும், இன்ஜின் சுமக்கணும், கவிழ்ந்தால் மிதப்பும் பாதியாகிவிடும். பெட்டியின் அடி மூலையில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டினால் விலையைப் பேச அதுவே போதும். துளையை அப்புறம் ரெசின் மாவு வைத்து அடைத்துவிடலாம்.

கடைசியாகப் பின்பலகை, இன்ஜின் மாட்டுகிற இடம். உள்ளே பிளைவுட், இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தியிருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் போய்ப் பிளைவுட் அழுகுவதுதான் ஃபைபர் படகுக்கு வருகிற பெரிய வியாதி. ஒருவர் இன்ஜின் தண்டின் கடைசியைப் பிடித்து மேலும் கீழும் அமுக்கட்டும், நீங்கள் பின்பலகையும் பக்கமும் சேருகிற மூலையைப் பாருங்கள். மூலை வாய் திறந்து மூடினால் உள்ளே மரம் போய்விட்டது. போல்ட்டைக் கழற்ற விட்டால் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக, கறுப்பாக, புளித்த வாடையோடு மரத்தூள் வந்தால் சந்தேகமே வேண்டாம்.


டீசல்_தண்டு (காரைக்கால்):

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜின் தலையில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே மல்லாடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள். கைப்பிடி சுற்றும்போது அமுக்கம் வருகிற இடத்தில் கை நின்று, பிறகு தாண்டணும். வழுக்கிக்கொண்டே சுற்றினால் வால்வோ ரிங்கோ விட்டிருக்கிறது.

புகையைப் பத்து நிமிஷம் பாருங்கள். கிளம்பும்போது கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் சரி. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் அமுக்கம் குறைவு, இல்லையென்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. சுமை ஏற்றும்போது கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் தேய்மானம், அல்லது இன்ஜினுக்கு மீறிய புரொப்பெல்லர். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியை மெதுவாகத் திறங்கள். லேசான மூச்சு இருக்கும். புசுபுசுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்து ரீபோர் செய்கிற நிலை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்து, மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காற்றில் ஆறுகிற இன்ஜினுக்குள் தண்ணீர் போக ஒரே வழிதான் உண்டு: படகோடு முழுகியிருக்கிறது, அல்லது அலை ஏறியிருக்கிறது. முழுகியதை அன்றைக்கே திறந்து கழுவி ஆயில் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். நாலு நாள் விட்டிருந்தால் பேரிங் துருப்பிடித்து, சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிக்கும்.

சிலிண்டரைச் சுற்றி இருக்கிற தகடுகளுக்கு நடுவே உப்பும் எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தால் சூடு வெளியேறாது. கம்பி விட்டுக் குத்தி நல்ல தண்ணீரில் கழுவணும். ஆனால் சூட்டோடு தண்ணீர் அடிக்கக் கூடாது, சிலிண்டர் வெடிப்பு விடும்.

லாங்டெயில் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். புரொப்பெல்லர் முனைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, தண்டு அதைத் தொட்டும் தொடாமலும் வைத்துச் சுற்றினால் கோணல் தெரிந்துவிடும். கோணலான தண்டு அடிக்கிற அதிர்வெல்லாம் நேராகப் பின்பலகைக்குத்தான் போகும். மேலே அண்ணன் சொன்ன மூலை வாய் திறக்கிற பழுதுக்குப் பாதிக் காரணம் இதுதான். முனையைப் பிடித்து இடவலமாக ஆட்டினால், தண்டைத் தாங்குகிற புஷ் தேய்மானம் தெரியும். புஷ் மாற்றுவது பெரிய செலவில்லை, தண்டு மாற்றுவது செலவு.

கொட்டகையில் கிடக்கிற அவுட்போர்டைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற டூ ஸ்ட்ரோக்கை பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்தணும். அப்படிச் செய்யாமல் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திப் போட்டிருந்தால் கார்புரேட்டருக்குள் பிசின் கட்டியிருக்கும். கியர் பெட்டியின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி ரெண்டு சொட்டு எண்ணெய் விரலில் எடுங்கள். வெள்ளையாக வந்தால் சீல் போய்க் கடல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ரெண்டு சிலிண்டருக்கும் அமுக்கம் அளந்தால் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கணும். இதெல்லாம் பார்க்க விடவில்லை என்றால் அது இரும்பு விலைக்குத்தான்.


செருதூர்_கரை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்குப் போய்ப் பார்த்தோம். ஏரா அணியத்துப் பக்கம் மூன்றடி நீளத்துக்குச் சொரசொரப்பு, ரோவிங் கட்டம் தெரியவில்லை. அடி தடிமன் அடைப்புத் துளையில் 9 மி.மீ. இடப்பக்கம் மூன்றாவது வங்குக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டு, ஒரு ஜாண் அகலம், உள்ளேயும் தெரிகிறது, தட்டினால் தொப்பென்கிறது. ஃபோம் பெட்டியில் தண்ணீர் இல்லை.

பின்பலகைதான் கவலை. தண்டை அமுக்கினால் வலப்பக்க மூலை திறக்கிறது. கீழ் போல்ட்டைக் கழற்றினோம், கறுப்புத் தண்ணீர் கொஞ்சம் வந்தது.

இன்ஜின் ஆறிய நிலையில் மூன்றாவது சுற்றில் கிளம்பியது, சூடானதும் புகை இல்லை. தண்டு லேசாகக் கோணல். அவுட்போர்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், 1,35,000-க்கு இறங்கி வருகிறார்கள். பின்பலகையை நாங்களே மாற்ற முடியுமா, எவ்வளவு சாமான் பிடிக்கும்?


மேட்_ரோவிங்:

முடியும். அவசரப்படாமல் செய்தால் இரண்டு பேருக்கு ஒரு வார வேலை. நீங்கள் சொன்ன பழுதுகளில் படகை ஒதுக்கும்படி எதுவும் இல்லை. 9 மி.மீ. அடி நல்ல அடி.

பின்பலகையில் வெளித் தோலைத் தொடாதீர்கள், அதுதான் உங்களுக்கு அச்சு. உள்தோலை மட்டும், சுற்றிலும் இரண்டு அங்குல விளிம்பு விட்டு, கிரைண்டரில் வெட்டி எடுங்கள். அழுகிய பிளைவுட் கையோடு வரும், நல்லாயிருக்கிற பகுதிதான் வராது, அதை உளி வைத்துச் செதுக்கணும். ஒரு துண்டைக்கூட விட்டு வைக்காதீர்கள். பாதி நல்லாயிருக்கிறது என்று விட்ட மரம்தான் புதுப் பலகையையும் அழுக வைக்கும். அப்புறம் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, குறைந்தது மூன்று நாள் காய விடுங்கள். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடணும், கடற்கரைப் பனி ஒரே ராத்திரியில் திரும்ப ஈரமாக்கிவிடும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

சாமான் கணக்கு, பின்பலகை 4 அடிக்கு 2 அடி என்று வைத்துக்கொண்டு: ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 18 மி.மீ., அரை ஷீட் (இரண்டு துண்டு வரும்). 450 கிராம் மேட் 3 கிலோ. 610 கிராம் ரோவிங் 2 கிலோ. ஐசோ ரெசின் 10 கிலோ. ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் 100 மில்லிக்குக் கொஞ்சம் கூட. அசிட்டோன் 2 லிட்டர், டால்க் மாவு 2 கிலோ, 36 நம்பர் கிரைண்டிங் டிஸ்க் ஆறு. சாதா ரெசின் விலை குறைவுதான், ஆனால் தண்ணீரைத் தாங்குவது ஐசோ. இந்த அளவுக்கு வரும் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள்.

இரண்டு பிளைவுட் துண்டையும் அளவாக வெட்டி, எல்லா முகத்துக்கும், முக்கியமாக வெட்டு ஓரங்களுக்கு, ரெசின் குடிக்கக் குடிக்கப் பூசுங்கள். வெளித்தோலின் உள்முகத்தைக் கிரைண்டரில் சொரசொரப்பாக்கி அசிட்டோன் துடைத்து, ஒரு அடுக்கு மேட்டை ரெசினில் ஊற வைத்து ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே முதல் பிளைவுட். அதன்மேல் இன்னொரு ஈர மேட், அடுத்த பிளைவுட். இன்ஜின் போல்ட் துளை வழியாகவே நீளப் போல்ட் விட்டு, இரண்டு பக்கமும் கட்டை வைத்து முறுக்கினால் ஓரத்தில் ரெசின் பிதுங்கணும். பிதுங்காத இடத்தில் உள்ளே காற்று நிற்கிறது.

மறுநாள், பலகை படகின் பக்கத்தையும் அடியையும் சந்திக்கிற மூலை முழுக்க ரெசினும் டால்க்கும் குழைத்த மாவை வைத்து, ஒரு டம்ளர் அடியால் இழுத்து வளைவாக்குங்கள். கூர்மூலையில் மேட் மடியாது, பின்னால் காற்று பிடித்துவிடும். அதற்குமேல் மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட் என்று ஐந்து அடுக்கு. ஒவ்வொன்றும் படகின் பக்கத்தில் நாலு அங்குலம் முதல் ஆறு அங்குலம் வரை ஏறணும், ஒன்று நின்ற இடத்திலேயே அடுத்தது நிற்கக் கூடாது. மேட்டுக்கு அதன் எடையைப் போல் இரண்டேகால் பங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம எடை. ரெசின் கூடினால் பலம் கூடும் என்று ஊற்றுகிறார்கள். பலம் கொடுப்பது கண்ணாடி இழை, ரெசின் அதைப் பிடித்து வைக்கிற பசைதான், கூடினால் நொறுங்கும்.

கேட்டலிஸ்ட் நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவுக்கு 10 மில்லி போதும். முதலில் 100 கிராம் ஒரு கப்பில் கலந்து எத்தனை நிமிஷத்தில் இறுகுகிறது என்று பார்த்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். கடையில் ஆக்சிலரேட்டர் சேர்த்த ரெசினா என்று கேட்டு வாங்குங்கள். சேர்க்காதது என்றால் ஆக்சிலரேட்டரான கோபால்ட்டை ரெசினில் முதலில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் ஊற்றணும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேரவே கூடாது, ஒரே மூடியில் அளக்கக்கூடக் கூடாது. சேர்ந்தால் வெடிக்கும், தீப்பிடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும், கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசின் பூசினால் பிசுபிசுப்பு இல்லாமல் காயும்.

போல்ட் துளையை முன்பு போலவே போட்டால் பழைய வியாதி திரும்ப வரும். போல்ட் 12 மி.மீ. என்றால் துளை 20 மி.மீ. போடுங்கள். அதை எபாக்ஸி மாவால் முழுக்க அடைத்து, இறுகியதும் நடுவில் 12 துளையுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி 4 மி.மீ. எபாக்ஸிச் சுவர் இருக்கிறது, தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

மூன்றாவது வங்கு ஒட்டைப் பிரித்துத் திரும்பப் போடுங்கள். சரிவாகத் தேய்க்காமல் மேலே அப்பியிருப்பார்கள், அதுதான் தொப்பென்கிறது. கணக்கு 12-க்கு 1, அதாவது தடிமனைப் போல் 12 மடங்கு நீளச் சரிவு. உங்கள் 9 மி.மீ. அடிக்கு ஓட்டை விளிம்பிலிருந்து சுற்றிலும் 11 செ.மீ. சரிவாகத் தேய்க்கணும். ஓட்டை 20 செ.மீ. என்றால் தேய்த்த வட்டம் 42 செ.மீ. வரும். பெரிய துண்டு முதலில், சிறியது மேலே. மேட் 5, ரோவிங் 5. மூன்று நாலு அடுக்கு போட்டதும் நிறுத்தி, சூடு இறங்கிய பிறகு மிச்சம். ஒரே மூச்சில் போட்டால் சூடேறிக் கருகும். ஏராவுக்குத் தேய்ந்த இடத்தில் மூன்று மேட் ஏற்றி, மேலே கெட்டிப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று அடித்துவிட்டால் மணல் அதைத் தின்னும், ஃபைபரைத் தின்னாது. பட்டையை ஏராவின் நடுவில் துளைத்து மாட்டாமல் பக்கவாட்டில் மாட்டுங்கள், ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் சீலன்ட் வையுங்கள்.


டீசல்_தண்டு:

கோணல் தண்டை லேத்தில் கொடுத்து நிமிர்த்திய பிறகே புதுப் பின்பலகையில் மாட்டுங்கள். 1,35,000-ல் தண்டுக்கும் பலகைக்கும் ஆகிற செலவை இன்னும் கழிக்கலாம், கேளுங்கள்.


தரங்கை_வலை:

பேப்பர் பற்றி யாரும் சொல்லவில்லை. பதிவு எண் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கணும். பிஒய் என்றிருந்தால் காரைக்கால் பதிவு, மாநிலம் மாற்றுகிற வேலையும் சேரும். படகில் எழுதிய எண், சான்றில் உள்ள எண், டேப் வைத்து அளந்த நீளம், இன்ஜின் எண் நான்கும் பொருந்தணும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, பெயரும் கடனும் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் இருந்தால் தடையில்லாச் சான்று விற்பவர் வாங்கித் தரணும். மானிய எரிபொருள் பதிவோடு சேர்ந்தது, பெயர் மாறாமல் உங்களுக்கு வராது. இரண்டு ஊர் பஞ்சாயத்தாருக்கும் சொல்லிவிட்டுப் படகை நகர்த்துங்கள். முழுப் பணத்தையும் பெயர் மாற்றும் நாளில் கொடுங்கள்.


கோடியக்கரை_கொண்டல்:

பாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏறும், ஆனால் பின்காற்றுக்கும் பக்கக்காற்றுக்கும் மட்டும். ஃபைபர் படகுக்கு அடியில் ஆழமான ஏரா இல்லை, பாரமும் இல்லை. எதிர்க்காற்றில் வளைத்து ஏற நினைத்தால் நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே தள்ளிக்கொண்டு போகும். பக்கக்காற்றிலும் ஓரளவு நேராகப் போகணும் என்றால், காற்று அடிக்காத பக்கத்து விளிம்பில் நாலடிக்கு ஒன்றேகால் அடிப் பலகை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் இறக்கணும்.

உங்கள் கரைக்குக் காற்று சாதகம். விடியலுக்கு முன் கரைக்காற்று வெளியே தள்ளும், மத்தியானம் கடல்காற்று திரும்பி வீட்டுக்குத் தள்ளும். கட்டுமரம் காலத்துக் கணக்கு இதுதான். திரும்புகிற வழிக்குப் பாய் விரித்தாலே டீசலில் தெரியும். வாடைக்காற்று பலமாக இருக்கும் மாசங்களில் விரிக்காதீர்கள்.

28 அடிக்கு 12 சதுர மீட்டருக்கு மேல் பாய் வேண்டாம். பாய்மரம் 5 மீட்டர், மூங்கில் போதும். மரத்தின் அடியை நேராக ஃபைபர் மேல் ஊன்றினால் அலையில் குத்திக் குத்தி ஓட்டை போட்டுவிடும். ஒன்றரை அடி நீளக் கட்டையை இரண்டு வங்குமேல் அணைத்து ஃபைபர் போர்த்தி, அதில் குழி வெட்டி ஊன்றுங்கள். அணியத்திலிருந்து ஒன்பதாவது அடி வாக்கில் உள்ள குறுக்குப் பலகையில் துளை போட்டு மரத்தைப் பிடிக்கணும். அந்தப் பலகைக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் கூடுதலாக வைத்து ஒட்டுங்கள்.

தாமான் கயிற்றை (பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு) எங்கேயும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். ஒரு சுற்று மட்டும் சுற்றி முனை கையில் இருக்கணும். திடீர்க் காற்று வந்தால் கையை விட்டதும் பாய் படபடத்துக் காலியாகிவிடும். கட்டி வைத்த தாமான்தான் படகைக் கவிழ்க்கிறது. பாய் மேலே இருக்கும்போது லாங்டெயில் தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுங்கள், இழுவை குறையும்.


செருதூர்_கரை:

பின்பலகை வேலையை எந்த மாசம் வைத்துக்கொள்வது? மார்கழியிலேயே ஆரம்பிக்கலாமா?


மேட்_ரோவிங்:

வேண்டாம், மார்கழிப் பனியில் எதுவும் காயாது. மாசிக் கடைசியில் ஆரம்பியுங்கள். ஏப்ரல் 15-க்குத் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகு எல்லாம் கரையேறிவிடும், ஜூன் 14 வரை கிரைண்டரும் ஆளும் கிடைக்காது. வேலை நேரம் காலை ஒன்பதுக்கு மேல், மூன்று மணிக்குள். முதல் நாள் வெறும் பிரிக்கிற வேலைதான், ரெசினை அன்றைக்கு வாங்கி வெயிலில் வைக்காதீர்கள். பலகை காய்ந்த பிறகு வாங்குங்கள், டின்னில் தேதி பார்த்து.